விண்ணப்பத்தில் சூளகிரி இருக்கட்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆம்ஸ்டர்டாமிலிருந்து அண்ணன் எழுதுவது. நீ அனுப்பிய ஆவணப்பட விண்ணப்பத்தை முழுவதும் படித்தேன். ஆங்கிலத்தில் பிழை இல்லை. காலநிலை மாற்றம், நீடித்த வளர்ச்சி, விளிம்புநிலை மக்கள் என்று நிதியங்களுக்குப் பழக்கமான சொற்கள் எல்லாம் வந்திருக்கின்றன. ஆனால் சூளகிரி அதில் ஒரே ஒரு வரியில், பெங்களூருக்கு அருகிலுள்ள சிற்றூர் என்ற அளவில் நின்றுவிட்டது.

நீ போனில் சொன்னது வேறு. கெலவரப்பள்ளி அணையின் மதகு திறந்ததும் தென்பெண்ணை ஆற்றில் நுரை பொங்கிச் சாலைவரை ஏறுவதைச் சொன்னாய். இருட்டு விலகுமுன் சந்தைக்கு வந்து இறங்கும் கொத்தமல்லிக் கட்டுகளைச் சொன்னாய். விலை விழுந்த நாளில் வண்டிக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று, அறுக்காமல் வயலில் மாட்டை விட்டுவிடும் விவசாயியைச் சொன்னாய். அப்பாவோடு அந்தச் சந்தைக்குப் போய் வளர்ந்தவள் நீ. உன் பேச்சில் ஒரு படம் முழுசாக இருந்தது. விண்ணப்பத்தில் அது இல்லை. நம் பக்கத்தில் கேமராவோடு அலைகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் இந்தப் பத்தியிலேயே எழுதுகிறேன்.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் இந்த ஊரில் நடக்கும் சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு இட்ஃபா என்று பெயர். 1988-ல் தொடங்கியது. அதனோடு சேர்ந்த நிதியம் 1998-ல், யான் ஃப்ரைமான் என்ற டச்சு ஆவணப்பட இயக்குநரின் பெயரில் ஆரம்பமானது. இப்போது இட்ஃபா பெர்த்தா நிதியம் என்கிறார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் இயக்குநர்களுக்காகவே வைத்த பணம் அது. விழாவின்போது ஃபோரம் என்றொரு கூட்டமும் நடக்கும். இயக்குநரும் தயாரிப்பாளரும் மேடையேறிச் சில நிமிடங்களில் படத்தைச் சொல்வார்கள். எதிரே தொலைக்காட்சிக்காரர்களும் நிதியத்தாரும் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்.

அந்தக் கேள்விகளைக் கவனித்திருக்கிறேன். உலகப் பிரச்சினையைப் பற்றிய உன் கருத்தை யாரும் அதிகம் கேட்பதில்லை. படத்தில் வருகிறவர் உனக்குத் தன் வீட்டுக் கதவைத் திறப்பாரா, அவரோடு எத்தனை காலம் இருப்பாய், இந்தப் படத்தை ஏன் நீதான் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து தலித் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ பத்திரிகையைப் பற்றி ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ படத்தை எடுத்துக்கொள். அந்தப் பெண்களோடு பல ஆண்டுகள் கூடவே இருந்து எடுத்த படம். 2021-ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைக்கும் போனது. ஒரே நிதியம் கொடுத்த பணத்தில் முடிந்த படமில்லை அது. சிறிது சிறிதாகப் பல இடங்களில் சேர்த்த பணம். எந்த நிதியமும் முழுச் செலவைத் தருவதில்லை. மீதி எங்கிருந்து வரும் என்ற கணக்கையும் விண்ணப்பத்திலேயே கேட்பார்கள்.

அந்தக் கணக்கை எழுதும் முன் எழுதவேண்டியது ட்ரீட்மென்ட். அதாவது, திரையில் நாங்கள் எதைப் பார்ப்போம், எதைக் கேட்போம் என்பது. அங்கேதான் நீ கொத்தமல்லியிலிருந்து தொடங்க வேண்டும். விதை தூவியதிலிருந்து தழை அறுக்கும்வரை நாற்பது, நாற்பத்தைந்து நாள். உன் படத்துக்கு ஒரு கால அளவைப் பயிரே கொடுத்துவிட்டது. ஒரு வயல், ஒரு குடும்பம், ஒரு பயிர்க்காலம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் கால்வாய், அணை, நுரை, எல்லைக்கு அப்பால் பெங்களூரின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் எல்லாம் தானாக வந்து சேரும். நந்தி மலையில் பிறந்து கடலூருக்குப் போகும் தென்பெண்ணையைப் பற்றி நீ உரை நிகழ்த்தத் தேவையில்லை. மதுரையில் அமுதன் 2003-ல் எடுத்த ‘பீ’ ஒரு தெருவையும் அதைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணையும் விட்டு நகரவில்லை. அந்தத் தெருவிலேயே சாதியும் நகராட்சியும் நம் மௌனமும் தெரிந்தன.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நுரை பார்ப்பதற்குக் கண்ணைக் கவரும் காட்சி. சாலையை மூடி, பாலத்தை மறைத்து, வெள்ளையாகப் பறக்கும். எந்த நிதியமும் அந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்காரும். நீயும் உன் விண்ணப்பத்தில், நச்சு நீரில் விளையும் கொத்தமல்லி என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஆதாரம் கொடுக்கவில்லை. அந்த வரி ஒரு டிரெய்லரில் வந்து வாட்ஸ்அப்பில் பரவினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். சென்னைக்கும் கேரளத்துக்கும் வாங்கிப்போகும் வியாபாரி மறுநாள் வேறு சந்தைக்குப் போவான். ஒரு கட்டு பாதி விலைக்கும் போகாது. நுரையை விட்டவர்களுக்கு ஒரு நஷ்டமும் வராது. உனக்குக் கதவு திறந்த விவசாயிதான் கடனாளி ஆவார். போர்க் கிணற்றுத் தண்ணீரில் விளைவித்த பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதே கதிதான்.

அதனால் பட்ஜெட்டில் தண்ணீரும் மண்ணும் தழையும் ஆய்வகத்தில் சோதிக்கப் பணம் ஒதுக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடுகளை 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டிலும் கேள். முடிவு வரும்வரை அந்த வரி விண்ணப்பத்தில் வேண்டாம். எடிட் முடிந்த படத்தை வெளியே அனுப்பும் முன், படத்தில் வரும் குடும்பத்துக்கு முதலில் போட்டுக் காட்டுவேன் என்று எழுத்தில் கொடு. இதை எழுதினால் நிதியம் உன்னைத் தயங்குபவள் என்று நினைக்குமோ என்று பயப்படாதே. பொறுப்புத் தெரிந்த தேர்வாளர் முதலில் தேடுவதே இதைத்தான். தேடாத நிதியத்தின் பணம் உனக்கு வேண்டாம்.

ஜப்பானில் ஒகாவா ஷின்சுகே என்று ஒருவர் இருந்தார். நரிதா விமான நிலையத்துக்காக நிலம் எடுத்தபோது, சன்ரிசுகா விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அவரும் குழுவினரும் 1968-லிருந்து அந்தக் கிராமத்திலேயே தங்கிப் படம்பிடித்தார்கள். பிறகு யமகட்டா பகுதிக்குப் போய், ஆண்டுக்கணக்கில் தாங்களே நெல் பயிரிட்டுக்கொண்டு விவசாயிகளைப் பற்றி எடுத்தார்கள். படங்களை ஊர் ஊராகத் தூக்கிச் சென்று திரையிட்டார்கள். ஆசியாவின் முதல் சர்வதேச ஆவணப்பட விழா 1989-ல் அதே யமகட்டாவில் தொடங்கியதற்கு அவர் பெரிய காரணம். உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் சிப்காட் தொழிற்பேட்டைக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் தொடர்ந்து உட்கார்ந்தபோது எனக்கு ஒகாவாதான் நினைவுக்கு வந்தார். டி.வி. கேமராக்கள் வந்து ஒரு நாளில் போய்விட்டன. கூடவே தங்கிப் பதிவுசெய்ய ஊரிலேயே ஒருவர் வேண்டும் என்று அப்போது நினைத்தேன். நீ வந்திருக்கிறாய்.

வெளியூர்க்காரர்கள் வந்து எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைக் குழந்தைகளைப் பற்றி 1990-ல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ எடுத்த சலம் பென்னூர்கர் பெங்களூர்க்காரர். புதுக்கோட்டைப் பெண்கள் ஜமாத்தைப் பற்றி ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ எடுத்த தீபா தன்ராஜும் பெங்களூர்க்காரர்தான். இரண்டும் நேர்மையான படங்கள். ஆனால் நம் சந்தையில் விவசாயி வீட்டில் தெலுங்கு பேசி, பெங்களூரு வியாபாரியிடம் கன்னடத்தில் பேரம் முடித்து, தாலுகா ஆபீசில் தமிழில் மனு கொடுக்கிறார். மூன்றும் காதில் விழுந்தால் எந்த இடத்தில் அவர் குரல் தாழ்கிறது என்று உனக்குத் தெரியும். ஏன் நீதான் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதுவே பதில். இயக்குநர் குறிப்பில் முதல் பத்தியாக எழுது. பட்ஜெட்டில் மூன்று மொழிக்கும் சப்டைட்டில் செலவைப் போட மறக்காதே.

பணத்துக்கு முதலில் தட்டவேண்டிய கதவு ஆம்ஸ்டர்டாமில் இல்லை, பெங்களூரில் இருக்கிறது. ஓசூரில் பஸ் ஏறினால் போய்விடலாம். இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1993-ல் தொடங்கிய அமைப்பு. 1995-லிருந்து கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கை கொடுத்து வருகிறது. எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். தமிழில் எழுது. நீ போனில் பேசிய தமிழிலேயே எழுது. அங்கே கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் தமிழ் வரைவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு நான் கொண்டுவருகிறேன். அடுத்து கொல்கத்தாவின் டாக்எட்ஜ், பூசானின் ஆசிய நிதி, அதன் பிறகு இட்ஃபா, சன்டான்ஸ். உள்நாட்டில் பொதுப்பணத்தின் வழிகள் முன்பைவிடச் சுருங்கியிருக்கின்றன. 1948-ல் பிறந்த அரசின் ஆவணப்பட அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-ல் என்.எஃப்.டி.சி.யோடு இணைக்கப்பட்டுவிட்டது.

விண்ணப்பத்தோடு ஐந்து நிமிட ஃபுட்டேஜ் கட்டாயம் வேண்டும். பத்துப் பக்கம் சொல்லாததை அது சொல்லும். போன் கேமரா போதும். ஒலிக்கு மட்டும் நல்ல மைக் வாங்கிக்கொள். பட்ஜெட்டில் உன் சம்பளத்தை எழுது. நம் பிள்ளைகள் கேமரா வாடகை, எடிட்டிங் எல்லாம் போட்டுவிட்டுத் தங்களுக்குச் சுழியம் போடுகிறார்கள். அது தியாகமாகத் தோன்றும். கணக்குப் பார்ப்பவருக்கு இந்தப் படம் நடுவில் நிற்கும் என்றே தோன்றும். வெளிநாட்டுப் பணம் வரும் முன் ஆடிட்டரைப் பார். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ல் வந்தது, 2020-ல் இன்னும் இறுகியது. நன்கொடையாக வருகிறதா, தயாரிப்புச் சேவைக்கான கட்டணமாக வருகிறதா என்பதைக் காகிதத்தில் தெளிவாக்காமல் ஒரு ரூபாயும் வாங்காதே. திரையிடலில் வரும் தடைகளுக்கும் தயாராக இரு. 2017-ல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் திரையிடலுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. படம் யூடியூப் வழியாக மக்களிடம் போனது.

தமிழருக்கு இந்த வேலை புதிதில்லை. ஏ.கே. செட்டியார் 1937-ல் நியூயார்க்கிலிருந்து கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் தீர்மானித்தார். இளைஞர். பின்னால் பெரிய ஸ்டூடியோ இல்லை. டாக்குமெண்டரி ஃபிலிம்ஸ் லிமிடெட் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். உலகத்தில் பல நாடுகளில் அலைந்து, நூறு பேர் வெவ்வேறு காலத்தில் எடுத்து வைத்திருந்த ஐம்பதாயிரம் அடிப் படச்சுருளைத் தேடிச் சேர்த்தார். 1940 ஆகஸ்டில் சென்னையில் அந்தப் படம் தமிழில் வெளிவந்தது. வெள்ளை அரசு ஆண்ட காலம், உலகப் போர் நடந்த காலம். அவருக்கு விண்ணப்பப் படிவம் இல்லை. நம்பிப் பணம் போட்ட மனிதர்கள் இருந்தார்கள்.

அதனால் கடைசியாக, இதைப் படிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். சிப்காட்டிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துத்தான் நம்மில் பலர் கப்பலோ விமானமோ ஏறினோம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்புகிறோம், பள்ளிக்கு பெஞ்ச் வாங்கித் தருகிறோம். ஊரைப் பதிவுசெய்யும் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் கருதப்படும். அவர்கள் ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். படத்தில் இது வேண்டும், இது கூடாது என்று நிபந்தனை போடாதீர்கள். ஒரு மைக்குக்கும், தண்ணீர்ச் சோதனைக்கும், ஒரு பயிர்க்காலத்துச் சாப்பாட்டுக்கும் ஆகும் பணத்தை நம்மில் பத்துப் பேர் சேர்ந்தால் இந்த மாதமே கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்
ஆம்ஸ்டர்டாம்