பாதி வம்பு

அடியே வசந்தி,

வம்பு இருக்கு, ஆனா பாதிதான் சொல்ல முடியும். இங்க மான்ட்ரியல்ல பதற்றத்துக்குக் குழு சிகிச்சைன்னு ஒண்ணுல சேர்ந்திருக்கேன். உள்ள கேட்டதை வெளியில பேசக் கூடாதுன்னு முதல் நாளே கையெழுத்து வாங்கிட்டாங்க. என்கிட்ட! அதனால யார் யார் வர்றாங்க, அவங்க வீட்டுல என்ன கதைன்னு தோண்டித் தோண்டிக் கேட்காதே. என் கதையை மட்டும் சொல்றேன்.

சேர்றதுக்கு முன்னாடி ஜிஏடி-7னு ஏழு கேள்வி உள்ள தாள் குடுத்தாங்க. மொத்தம் 21 மார்க். 10 இல்ல அதுக்கு மேல வந்தா மேற்கொண்டு விசாரிப்பாங்க. காலேஜ்ல வராத மார்க்கெல்லாம் எனக்கு இதுல வந்துச்சு! ஆறு மாசத்துக்கும் மேலா, முக்கால்வாசி நாள் எதையாவது நினைச்சு மனசு அரிக்கறது, தோள் இறுகிப் போறது, தூக்கம் கெடறது, எரிஞ்சு விழறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் வியாதியாம். என் குணமே இதுதான்னு நினைச்சிட்டிருந்தேன்.

இந்தக் குழு சிகிச்சை முறையில கியூபெக்காரங்களுக்குப் பெரிய பங்கு இருக்குடி. மிஷெல் டுகான்னு ஒரு உளவியலாளர், தன் கூட்டாளிகளோட 2003ல ஒரு ஆய்வு வெளியிட்டார். 52 பேர், நாலுலேர்ந்து ஆறு பேரா சின்னச் சின்னக் குழு, 14 அமர்வு. சிகிச்சைக்குக் காத்துக்கிட்டிருந்தவங்களைவிட இவங்க நல்லாத் தேறினாங்க, ரெண்டு வருஷம் கழிச்சும் அந்தப் பலன் நின்னுது. அவர் சொல்றது என்னன்னா, கெட்டது நடந்துடுமோங்கறதைவிட, என்ன நடக்கும்னு தெரியாம இருக்கறதைத்தான் நம்மால தாங்க முடியலையாம். எனக்கு சுருக்குன்னுச்சு. பொண்ணு ஆபீஸ் போய்ச் சேர்ந்தாளான்னு தெரியற வரைக்கும் நான் போனைக் கீழ வைக்கறதில்லையே.

இதுல ரசமான இடம் எது தெரியுமா? "கவலைப்படலேன்னா நான் என்ன அம்மா?"ன்னு ஒருநாள் கேட்டுட்டேன். உடனே என்னையே வக்கீலாக்கிட்டாங்க. முதல்ல கவலைக்கு ஆதரவா வாதாடணும். வெளுத்து வாங்கினேன், உனக்குத்தான் என் வாயைத் தெரியுமே. அப்புறம் அதே ஆள் எதிர்த்தரப்பு வக்கீல். நீ கவலைப்பட்டதால எந்த விபத்து நின்னுச்சு? கவலையே படாத உன் அக்கா கெட்ட அம்மாவா? எனக்கு நானே குறுக்கு விசாரணை பண்ணி வசமா மாட்டிக்கிட்டேன். சுத்தி உட்கார்ந்திருந்தவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! சிரிச்சாங்கன்னு சொல்றது வம்புல சேராதுன்னு நினைக்கறேன்.

தனியா டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தா இது நடந்திருக்காது. என் கவலை எனக்கு மலையாத் தெரியுது. அதையே பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னா, 'இதுக்கா இப்படித் தவிக்கறார்'னு தோணுது. அவருக்கும் என் கவலையைக் கேட்டா அப்படித்தான் தோணும்னு புரிய ரொம்ப நேரம் ஆகலை. வீட்டுப்பாடமும் உண்டு. தீர்வு இருக்கற பிரச்சினைன்னா உட்கார்ந்து தீர்க்கணும். 'ஒருவேளை அப்படி ஆயிட்டா'ங்கற ரகம்னா, அந்தப் பயங்கரக் கதையை முழுசா எழுதி, பயம் சலிச்சுப் போற வரைக்கும் படிக்கணும். தெரியாம இருக்கறதைத் தாங்கிப் பழக, பொண்ணுக்கு ஒரு தடவைக்கு மேல போன் கிடையாது. கடிதம் எழுதினா திரும்பப் படிக்காம அனுப்பணும். இந்தக் கடிதமும் அப்படித்தான் வருது, பிழை இருந்தா பொறுத்துக்கோ.

உன் பொண்ணுக்குப் பார்த்த அந்த இடம் முடிஞ்சுதா, இல்லையா? உடனே எழுது. இந்த ஒரு விஷயத்துல தெரியாம இருக்கறதைத் தாங்கிக்க எந்தக் குழுவாலயும் எனக்குச் சொல்லித்தர முடியாது.

உன்,
ராஜி