கோல் அடிக்காத பையன்

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். கோபி வட்டாரத்தில் ஹாக்கி என்றால் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தப்பு அங்கேதான் தொடங்கியது.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற நாள். தேர்வுக்குழுவில் நானும் இருந்தேன். கடைசி இடத்துக்கு இரண்டு பையன்கள். ஒருவன் ஃபார்வர்டு. கோல் போட்டால் மைதானத்தையே சுற்றி ஓடுவான். இன்னொருவன் லெஃப்ட் ஹாஃப். கட்டாந்தரையில் பந்து கண்டபடி எகிறும். இவன் முழங்கால் தேயக் குனிந்து ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைப்பான். பந்து அங்கேயே நின்றுவிடும். பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான். பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் அன்று முழுக்க அவனைத் தாண்டி ஒருத்தன் உள்ளே வரவில்லை.

அது என் கண்ணில் படாமல் இல்லை. உடன் இருந்தவரும், "அந்த ஹாஃப் பையனை விட்றாதீங்க சார்" என்றார்.

"அவன் எத்தனை கோலுங்க அடிச்சான்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் கேட்டேன். அந்த ஹாஃப் பையன் பேரை அடித்தேன். 'நான் கண்டெடுத்த பையன்' என்று சொல்லிக்கொள்ள ஃபார்வர்டுதான் தோதாக இருந்தான்.

விஷயம் தெரியாதவன் என்று என்னை விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணமூர்த்தி பெருமாள் தமிழ்நாட்டுக்காரர். ஹாஃப் லைனில் ஆடியவர். 1968 மெக்ஸிகோ, 1972 மியூனிக், இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம். 1971இல் அர்ஜுனா விருது. அதே வரிசையில் ஆடிய அஜித்பால் சிங்கை நாடே அறியும். பெருமாளை யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். ஆனாலும் பையன்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. 1980 மாஸ்கோவில் சுரிந்தர் சிங் சோதி அடித்த 15 கோலைத்தான் வருடா வருடம் சொன்னேன்.

மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. அங்கிருந்து ரயில்வே, வங்கி, போலீஸ் அணி. ஹாக்கி ஆடுகிற ஏழைப் பையனுக்குச் சோறு போடுகிற வழி அது. நான் பேரை அடித்த பையன் பிளஸ் டூ. அடுத்த வருடம் என்று ஒன்று அவனுக்கு இல்லை.

அவன் அப்பா கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவர். பள்ளிக்கே வந்து கேட்டார்.

"ஏனுங் சார், எம் பையன் என்ன தப்புப் பண்ணிப்போட்டானுங்க?"

"ஸ்டாமினா பத்தலைங்க" என்றேன்.

பொய். உண்மையைச் சொன்னால் என் பேர் போய்விடும் என்கிற பயம். பையன் அந்தப் பொய்யை நம்பிவிட்டான். தடப்பள்ளி வாய்க்கால் கரையில் விடிகாலையில் ஓட ஆரம்பித்தான். ஸ்கூட்டரில் போகும்போது பார்ப்பேன். "குட்மார்னிங் சார்" என்பான். தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

பிறகு அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடமும் தேர்வுக்குழுவில் நான் இருந்தேன். அப்போதும் கோல் கணக்கைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன்.