வண்டி யாருக்காக நிற்கிறது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற வாரம் ஓர் அமெரிக்க ஆய்வை எடுத்துக்கொண்டோம். போர்ட்லாண்ட் நகரில் நடந்தது, 2015இல் வெளியானது. கறுப்பின ஆண்கள் மூவர், வெள்ளையின ஆண்கள் மூவர். ஒரே மாதிரி உடை. சிக்னல் இல்லாத ஒரே கிராசிங். ஒவ்வொருவராகச் சாலையைக் கடக்க நின்றார்கள். வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் 32 சதவீதம் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்காக நிற்காமல் போன வண்டிகள் இரு மடங்கு.

அந்த ஓட்டுநர்களைக் கேட்டிருந்தால், 'நான் நிறவெறி பார்ப்பவன்' என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

சட்டமும் விலக்கல்ல. நியூயார்க்கில் விதி மீறிச் சாலையைக் கடக்காதவர்கள் அபூர்வம். ஆனால் 2023இல் அதற்காக அபராதம் எழுதப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான். சியாட்டிலில் ஹெல்மெட் போடாமல் சைக்கிள் ஓட்டியதற்கு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு விகிதத்தில் அபராதம் விழுந்தது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது முதலாண்டு மாணவி ஒருத்தி சொன்னாள்: "அக்கா, எங்க தாத்தாகிட்ட சைக்கிள் இருந்துச்சாம். ஊர்த்தெரு வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுதான் போவாராம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரு தாத்தா கதை இருந்தது. 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டமும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்குத்தானே!

இன்று நம் சாலைகளில் அந்தப் பாகுபாடு எவ்வளவு மிச்சம்? மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையில், இறந்தவர் நடந்துபோனாரா, சைக்கிளில் போனாரா என்பது இருக்கும். வயது, பாலினம் இருக்கும். சாதி இருக்காது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில், எந்தப் பக்கத்துக்காரர் அதிகம் அடிபடுகிறார் என்ற கேள்வியே எழாமல் போகிறது.

சியாட்டிலில் அந்தக் கணக்கை எடுத்தது அரசு அல்ல. தன்னார்வலர்கள் நீதிமன்றப் பதிவுகளை உட்கார்ந்து எண்ணினார்கள். 2022இல் அந்த ஹெல்மெட் விதி நீக்கப்பட்டது. நியூயார்க்கும் 2024இல் தன் விதியைக் கைவிட்டது.

நாங்களும் எண்ணப்போகிறோம். நெடுஞ்சாலை ஓரத்து காலனி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பஸ் நிறுத்தம் எத்தனை அடி தள்ளி? கடக்க இடம் இருக்கிறதா? தெருவிளக்கு எந்த இடத்தோடு நின்றுபோகிறது? இதுவரை அங்கே அடிபட்டவர்கள் எத்தனை பேர்? அடுத்த ஞாயிறு காலை கிளம்புகிறோம். ஒரு நோட்டும் அளவு நாடாவும் போதும். வர முடிந்தவர்கள் வாருங்கள், தோழர்களே.