கல்வராயன் மலையில் ஒரு 'ம்ம்ம்ம்...'

என் மைத்துனனிடம் ஐந்து டப்பாக்கள் இருக்கின்றன. ஒரு பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ நவீன டிபன் கேரியர் என்று நினைத்து, "சாம்பார் எதுல இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து அவன் என்னை மனுஷனாகவே மதிப்பதில்லை.

அதற்குப் பெயர் பெடல்போர்டாம். கிட்டார் ஒலி ஒவ்வொரு டப்பாவாக நுழைந்து புறப்பட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். காலால் மிதித்தால் ஒரு டப்பா ஒலியைக் கரகரப்பாக்கும். இன்னொன்று எதிரொலிக்க வைக்கும். சாம்பார் கிடையாது.

மைத்துனனுக்கு வார நாட்களில் ஆபீஸ். சனி, ஞாயிறு மெல்லிசைக் குழு. போன கோடையில் கல்வராயன் மலையில் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி. "மாமா, நீங்களும் வாங்க. எழுத மேட்டர் கிடைக்கும்" என்றான். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் 'மேட்டர்' என்ற வார்த்தைக்கு மயங்காமல் இருக்க முடியுமா? பலகையைத் தூக்க ஓர் ஆள் குறைகிறது என்ற விஷயம் வேன் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினால் தியாகதுருகம், அப்புறம் கள்ளக்குறிச்சி. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். 2021-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. டீ குடிக்க இறங்கியபோது ஒரு சிற்பக் கடைக்குள் எட்டிப் பார்த்தோம். மைத்துனன் ஒரு பிள்ளையாரின் பீடத்தைத் தட்டி, "இந்த மரத்துல பெடல்போர்டு செஞ்சா, மிதிக்கச் சுகமா இருக்கும் மாமா!" என்றான். கடைக்காரர் பிள்ளையாரைச் சட்டென்று உள்ளே நகர்த்தி வைத்தார்.

கச்சிராயபாளையம் வரை கரும்பும் மரவள்ளியும் கூடவே வருகின்றன. கோமுகி அணையைத் தாண்டியதும் வேன் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. காட்டு வாசனை. கரியாலூர், வெள்ளிமலை... மதியமே காற்றில் ஒரு குளுமை. ஊட்டியின் பந்தா இல்லாத மலை.

"இங்கே இருக்கிறவங்க மலையாளிங்க ஸார்" என்று டிரைவர் சொல்லியிருந்தார். இறங்கியதும் என் மேதாவித்தனத்தைக் காட்ட, ஒரு பெரியவரிடம் "சேட்டா, சுகந்தன்னே?" என்றேன்.

அவர் கவலையோடு பார்த்து, "ஏன் தம்பி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார்.

கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. தமிழ் பேசும் பழங்குடிகள். மலையை ஆள்வதால் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகக் கதை சொல்கிறார்கள். ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலை, 1976-ல்தான் அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

சாயங்காலம் மேடை தயார். மைத்துனன் கிட்டாரை மாட்டி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டான்.

'ம்ம்ம்ம்ம்ம்...'

ஆயிரம் வண்டுகள் ஒரே சுருதியில் பாடுகிற மாதிரி! கூடவே கொசு பாடுவது போல மெல்லிய 'கீய்ய்ங்'. மைத்துனன் முகம் வெளுத்துவிட்டது. முதல் பாட்டு 'இளைய நிலா'. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. ஆரம்பத்தில் கிட்டாரை ஒளித்து வைக்க இடமே இல்லை. அதன் பின்னால் 'ம்ம்ம்' என்றால் நிலா அம்பேல்!

"சாமிக்குப் பாட்டு பிடிக்கலையோ?" என்றார் தபேலாக்காரர்.

எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிய நாட்கள் ஞாபகம் வந்தன. டிரையல் பேலன்ஸ் உதைத்தால் மொத்தப் புத்தகத்தையும் முறைத்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு வவுச்சராகத்தான் தள்ள வேண்டும். "ஒவ்வொரு டப்பாவா கழட்டுடா" என்றேன். முதல் முறையாக அவன் என் பேச்சைக் கேட்டான்.

எதிரொலி டப்பாவைக் கழற்றியதும் 'கீய்ய்ங்' நின்றது. அது டிஜிட்டல் சமாசாரம். ஐந்து டப்பாக்களுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மாலை கோத்த மாதிரி கரண்ட் போகிறது. டிஜிட்டல் டப்பா தன் குப்பையை அந்த வழியில் அண்டை வீட்டாருக்கும் கொட்டிவிடுகிறது. அதற்கு மட்டும் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டோம். கொசு காலி.

மைத்துனன் கிட்டாரோடு மெல்லத் திரும்பினான். சீரியல் செட் பக்கம் நின்றால் 'ம்ம்ம்' கொஞ்சம் ஏறுகிறது. முதுகைக் காட்டினால் கொஞ்சம் இறங்குகிறது. கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருள் வேலை அது. பக்கத்து ஒயர்களின் இரைச்சலையும் பிடித்துத் தரும். 1955-ல் அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனியில் ஸெத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து இரைச்சலை அடித்துக்கொள்ளச் செய்தாராம். அந்த ரகம் விலை அதிகம். எனவே சீரியல் செட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பதென்று முடிவாயிற்று.

மிச்சம் ஒரு தடித்த 'ம்ம்ம்'. கிட்டாரையே கழற்றினாலும் போகவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து மிக்ஸருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினால் மட்டும் போயிற்று. பிடித்தோம் திருடனை!

மேடைக்கு ஜெனரேட்டர் கரண்ட். தூரத்தில் பலா மரத்தடியில் இருந்த மிக்ஸருக்குக் கோயில் கரண்ட். இரண்டுக்கும் தனித்தனி எர்த். நடுவில் பாட்டைக் கொண்டுபோகும் ஒயரின் மேலுறை இரண்டு எர்த்தையும் இணைத்து, ஒரு பெரிய வளையமாக்கிவிட்டது. நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று ஆடுவது. அந்த ஆட்டம் வளையத்தில் புகுந்து பாட்டோடு சேர்ந்துவிடுகிறது. கிரவுண்டு லூப் என்கிறார்கள். ஒரே கணக்கை இரண்டு குமாஸ்தா இரண்டு பேரேட்டில் எழுதினால் வருமே வித்தியாசம், அதுதான்!

மைக் செட் அண்ணன் சிரித்தார். "இதுக்கா ஸார் இவ்ளோ பாடு?" என்று ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் ஒரு இரண்டு பின் அடாப்டரை மாட்டிச் செருகினார். எர்த் அவுட்.

நிசப்தம்! எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

பத்து நிமிஷம் கழித்து, ஒயரை மாற்றுவதற்காக மைத்துனன் மிக்ஸர் ஒயரைப் பிடுங்கினான். ஒரு கை கிட்டார் கம்பியில். மைக்கில் உதட்டை வைத்து "ஹலோ" என்றான்.

'ஹ'வோடு சரி. இரண்டடி பின்னால் போய் விழுந்தான்.

உதட்டில் சுளீர். நல்லவேளை, அவ்வளவுதான். விஷயம் இதுதான்: ஆம்ப்ளிஃபயரின் உடம்புக்குத் துளி கரண்ட் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். அடாப்டர் மாட்டிய பிறகு அதற்கு மிக்ஸர் ஒயர் ஒன்றுதான் வழி. அதையும் பிடுங்கியதும் கிட்டார் கம்பியில் வந்து காத்திருந்தது. உதடு வழி விட்டது. ஆம்ப்ளிஃபயருக்குள்ளே ஒரு ஒயர் அறுந்து உடம்பில் பட்டிருந்தால்? 1972 மே 3-ந் தேதி வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார்.

அக்காவிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்குக் கை நடுங்கியது.

மைக் செட் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடாப்டரைப் பிடுங்கினார். நீளமான மூன்று பின் ஒயர் இழுத்து, மிக்ஸருக்கும் ஜெனரேட்டர் போர்டிலிருந்தே கரண்ட் கொடுத்தார். 'ம்ம்ம்' முக்கால்வாசி அடங்கியது. கீபோர்டுக்காரரிடம் டி.ஐ. பாக்ஸ் என்று ஒன்று இருந்தது. உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர். அதன் பொத்தானைத் தள்ளினால் பாட்டு ஒயரின் எர்த் இணைப்பு மட்டும் விலகும். உயிர் காக்கும் எர்த் அப்படியே இருக்கும். மிச்சமும் போயிற்று. வெட்ட வேண்டிய இடம் அங்கேதான், பிளக்கில் இல்லை.

ஜெனரேட்டரின் எர்த் கம்பி பாறை இடுக்கில் காய்ந்த மண்ணில் நின்றது. காய்ந்த மண்ணில் கரண்ட் சரியாக இறங்காது. "தண்ணி ஊத்தணும்" என்றேன். என் 'சேட்டா' பெரியவர் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினார். "இதுக்கும் தொண்டை காஞ்சிருச்சா தம்பி?" என்றார்.

ராத்திரி எட்டரைக்கு 'இளைய நிலா'. முதல் மீட்டலுக்கு முன்னால் சில்வண்டுச் சத்தம்கூடக் கேட்டது. மைத்துனன் சீரியல் செட்டுக்கு முதுகைக் காட்டியபடி வாசித்தான். ஜனங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, எர்த் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டவள் சமையலறைக்குக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஃப்ரிட்ஜ் பிளக்கில் ஒரு இரண்டு பின் அடாப்டர்! ஆறு வருஷத்துக்கு முன்னால், எலெக்ட்ரீஷியன் கூலியை மிச்சம் பிடித்து நானே மாட்டியது.