சுவாமிமலை வண்டல்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்குப் போகும் சாலையில் பாதிக் கடைகள் புதியவை. எங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கும் விடுதி நிற்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டறைச் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. வெண்கலத்தில் உளி விழும் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டே என் பள்ளித் தோழனின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். இப்போது அவன் ஸ்தபதி.

"எப்படா வந்தே? உட்காரு, கையெல்லாம் மெழுகு."

தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் அம்பாளின் வலது கை உருவாகிக்கொண்டிருந்தது. சூடான கத்தி முனையால் மோதிர விரலுக்கு நகம் எடுத்தான். பக்கத்தில் ஒரு தென்னை ஓலை நறுக்கு, மடிப்பு மடிப்பாக. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கித் தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கில் மடித்தால், முகம் எங்கே முடிகிறது, நாபி எங்கே, முழங்கால் எங்கே என்று எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் அன்று நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது கொல்லையில் மெழுகு உருவத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்த பெரியவரைத்தான். காவிரி வண்டலை மாவாக அரைத்துச் சலித்து முதல் பூச்சு. மெழுகில் இருக்கும் மயிரிழைக் கோடுகூட அதில் பதிந்தாக வேண்டும். நிழலில் காய்ந்த பிறகு வயல் மண்ணும் மணலும் கலந்த கெட்டிப் பூச்சு, அதன்மேல் கம்பிக் கட்டு. வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் செம்பும் பித்தளையும் ஈயமும், துளி பொன்னும் வெள்ளியும் உருக்கி ஊற்றுகிறார்கள். மெழுகின் எடையைப் போல எட்டு மடங்குக்குக் குறையாமல் உலோகம் பிடிக்கும். அத்தனை பாரத்தையும் சூட்டையும் அந்த மண் தாங்க வேண்டும். எங்காவது விரிசல் விட்டால் மாதக்கணக்கான வேலை வீண். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

"ஆத்துல தண்ணி வந்தாத்தான்டா வண்டல். வராத வருஷம் பழைய மண்ணைப் பொத்திப் பொத்தி வச்சு ஓட்டறோம்" என்றான்.

2023இல் டெல்லி பாரத் மண்டபத்துக்குப் போன 27 அடி நடராஜர் இந்த ஊரில் வார்க்கப்பட்டவர்தான். சுமார் 18 டன் எடை என்று செய்திகளில் படித்தேன். எத்தனை பேர் அதற்கு மண் பிசைந்தார்கள், எத்தனை பேர் அனலில் நின்று ஊற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. மண் கட்டுகிறவரும் சிற்பிதான். அருங்காட்சியகப் பலகைகளில் அரச வம்சம் இருக்கிறது, நூற்றாண்டு இருக்கிறது. இவருக்கு ஒரு வரி இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் இருக்கும் ஆம்ஸ்டர்டாமில், ரைக்ஸ் மியூசியத்தில் ஒரு சோழர் கால நடராஜர் இருக்கிறார். அவரை ரோட்டர்டாமுக்குக் கொண்டுபோய், சரக்கு லாரிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பு என்று தெரிந்தது. இதைச் சொன்னதும் தோழன் கத்தியைக் கீழே வைத்தான்.

"திருவாசியும் கனமா?"

"திருவாசியும்தான். காலடியில இருக்கற முயலகனும்."

பெரியவர் கை கழுவிக்கொண்டு வந்தார். "எத்தனை கிலோ தம்பி?"

"முந்நூறு இருக்கும் ஐயா."

"அப்ப மண்ணு நல்லாக் காஞ்சிருக்கணும். கட்டும் இறுக்கமா இருந்திருக்கும்" என்றார்.