கூலி என்று எழுதினோம்

“தந்தையின் தொழில்?” என்று கேட்டோம்.

பள்ளி திறந்த முதற்கிழமை. சேர்க்கைப் பதிவேடு நம் மேசைமீது விரிந்து கிடந்தது. எதிரே ஒரு தாய். அவளருகே, ஆறாம் வகுப்பில் சேர வந்த அவள் மகன்.

“கூலி வேலைதாங்க சார்” என்றாள் அந்தத் தாய். வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவதுபோல, இயல்பாகத்தான் சொன்னாள். சிறுவனின் முகம்தான் சுண்டிற்று. “விவசாயம்னு எழுதுங்க சார்” என்றான்.

“ஏன் தம்பி? நிலம் இருக்கிறதா?”

“இல்லீங்க சார். கூலின்னு எழுதினா பசங்க அதையே சொல்லிக் கூப்பிடுவாங்க.”

தாய் அவனைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. நம் எழுதுகோல் நின்றது. தமிழ் படித்துப் பட்டம் பெற்ற நாம், இரண்டெழுத்துச் சொல் ஒன்றை எழுத முடியாமல், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனோம். கோழைத்தனம்தான். வேறென்ன பெயர் அதற்கு?

அன்றிரவு நம் பெட்டியிலிருந்த பணிநியமன ஆணையை எடுத்துப் பார்த்தோம். ‘மாதத் தொகுப்பூதியம் ரூ.9,000’ என்றிருந்தது. முப்பதால் வகுத்தோம், நாளொன்றுக்கு 300 ரூபாய். நடவுக்குப் போனால் நாளுக்கு 350 கிடைக்கும் என்று அந்தத் தாய் சொல்லியிருந்தாள். எண்ணிப் பாருங்கள்! சேற்றில் நின்று அவள் பெறும் 350-க்குப் பெயர் கூலி. நிழலில் நின்று நாம் பெறும் 300-க்குப் பெயர் ஊதியம். மாவட்டத் தலைநகரில் எழுத்தர் பெறுவது சம்பளம். உழைப்புக்கு ஈடாக வருவது என்னும் ஒரே பொருளை மூன்று சொற்களும் சுமக்கின்றன. ஆனால் மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார மாட்டா. மனிதரைப் படிக்கட்டில் நிறுத்திய சமுதாயம், சொற்களையும் அல்லவா படிக்கட்டில் நிறுத்தியிருக்கிறது!

பிறந்தபோதே அச்சொற்களுக்கு அந்த ஏற்றத்தாழ்வு இருந்ததா? தேடத் தொடங்கினோம்.

முதலில் வியப்பளித்தது ஊதியம். அரசு அமைக்கும் குழுவுக்கு ஊதியக் குழு என்று பெயர். உயர்ந்த அலுவலருக்குரிய சொல்லாகவே அதைக் கேட்டு வளர்ந்தோம். குறளில், பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், அச்சொல்லுக்கு வேறு முகம். முதல் இல்லாத வணிகருக்கு ஊதியம் இல்லை என்கிறார் வள்ளுவர். அதாவது, முதல் போட்டவன் எடுக்கும் இலாபம்தான் அன்றைய ஊதியம். முதல், ஊதியம் இரண்டும் ஓரடியில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. பின்னர் எப்போதோ அச்சொல் வணிகன் கடையை விட்டிறங்கி, உழைப்பவன் கைக்கு வந்து சேர்ந்தது. சொல்தான் வந்து சேர்ந்தது, இலாபம் வரவில்லை! முதல் என்ற சொல்லோ, ‘தொடக்கம்’ என்ற எளிய பொருளிலிருந்து கிளம்பி, முதலாளியாய் வளர்ந்து, இன்றும் இடம்பெயராமல் இருக்கிறது.

சம்பளத்துக்கு ஒரு விளக்கம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தந்த காலத்தில், ‘சம்பு’ம் ‘அள’மும் சேர்ந்து சம்பளம் ஆயின என்பது அது. ஆங்கிலேயர் சம்பளத்துக்குச் சொல்லும் ‘சாலரி’யும் உப்பைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லிலிருந்து பிறந்ததே. கேட்க எவ்வளவு இனிக்கிறது! இனிப்பதாலேயே நமக்கு ஐயம் பிறந்தது. வடமொழியில் ‘சம்பல’ என்றொரு சொல் உண்டு. வழிச்செல்வோர் எடுத்துச் செல்லும் கட்டுணவு என்பது அதன் பொருள். அதையே மூலம் என்பாரும் உளர். உரோமப் படைவீரனுக்கு உப்பையே அளந்து கூலியாகக் கொடுத்தார்கள் என்ற கதைக்கும் தக்க சான்று கிடையாது. உப்போடு சொல்லுக்குள்ள உறவு மட்டுமே உறுதி. புராணத்தைச் சான்று கேட்டுத் துளைக்கும் நாம், நம் காதுக்கு இனிக்கும் சொல்லாராய்ச்சியை மட்டும் கேள்வி கேளாமல் விடலாமா? (இந்தக் கேள்வி பின்னால் நம்மையே வந்து குத்தியது. சொல்லுகிறோம்.)

ஐயமின்றி மகிழத்தக்க உறவுகளும் கிடைத்தன. குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் ‘மாடு’ என்பது செல்வத்தைக் குறிக்கிறது. கல்வியே அழியாச் செல்வம், மற்றவை மாடல்ல என்கிறார். உழவனின் கொட்டிலில் நின்ற மாடே அவன் செல்வம். இலத்தீன் பேசியோரும் அவ்வாறே எண்ணினர். கால்நடைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெக்குஸ்’, அதிலிருந்து பிறந்த ‘பெக்கூனியா’ பணம். ஆங்கிலேயர் இன்று முதலைக் குறிக்கும் ‘காப்பிட்டல்’, மாட்டைக் குறிக்கும் ‘காட்டில்’ இரண்டும் தலை என்று பொருள்படும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒரு தொடர்பும் இல்லாத இரு மக்கள், கொட்டிலைப் பார்த்து ஒரே எண்ணம் எண்ணியிருக்கிறார்கள்.

செலவு என்பது செல்லுதல்; பயணம். தலைவியின் கண்ணீரைக் கண்டு தலைவன் புறப்படாமல் தங்குவதைச் செலவழுங்குதல் என்றது அகத்திணை. வருவது வரவு, செல்வது செலவு. நாட்டின் ஆண்டுக் கணக்குக்கு வரவு செலவுத் திட்டம் என்று நம்மவர் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! அதன் ஆங்கிலப் பெயரான ‘பட்ஜெட்’ சிறு தோற்பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ‘எகானமி’ என்பதோ கிரேக்கத்தில் வீட்டை நடத்தும் முறை. ஒய்கோஸ் என்றால் வீடு. நம் பொருளாதாரத்தில் ஆதாரம் வடசொல், பொருள் நம்முடையது. அந்தப் பொருளுக்குத்தான் எத்தனை பொருள்! சொல்லுக்கு உள்ளேயிருப்பதும் பொருள், தேடிச் சேர்ப்பதும் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழியில், இரண்டும் இல்லாதவனை என்னவென்று அழைப்பது?

இவற்றையெல்லாம் வகுப்பிலே கொட்டினோம். மாணவர் விழிகள் விரிய விரிய, நமக்கு ஊக்கம் மிகுந்தது. அந்த ஊக்கத்தில் ஒரு நாள், “ஆங்கிலேயன் பணத்துக்கு ‘கேஷ்’ என்கிறானே, அது நம் காசுதான்! உலகுக்கே பணத்தின் பெயரைக் கொடுத்தது தமிழ்!” என்று முழங்கிவிட்டோம். கைதட்டல்! அந்தச் சிறுவனும் தட்டினான்.

மறுநாள் ஒரு மாணவி எழுந்தாள். “எங்க அக்கா கல்லூரியில படிக்குது சார். பணப்பெட்டிங்கிற சொல்லுலேருந்துதான் கேஷ் வந்ததுன்னு அது சொல்லுது” என்றாள். சிரித்து மழுப்பினோம். மாலையில் அகராதிகளைப் புரட்டினோம்.

உண்மை இதுதான். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்பன இரண்டு. ஒன்று, ஆசிய நாடுகளின் சிறு நாணயத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். தமிழ்க் காசு போர்த்துக்கீசியர் நாவேறி, ஆங்கிலம் புகுந்து உண்டானது. சீனரின் துளையிட்ட செப்புக் காசுக்கும் அந்தப் பெயரே வழங்கிற்று. சென்னையிலும் பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தக் ‘கேஷ்’ நம்முடையது. மற்றொன்று, கையிருப்புப் பணத்தைக் குறிப்பது. பெட்டியைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலேயன் பணம் என்ற பொருளில் நாள்தோறும் சொல்லும் ‘கேஷ்’ அதுவே. ஆக, நாம் முழங்கியது தவறு.

வாளா இருந்துவிடலாமா என்று ஓரிரவு எண்ணினோம் என்பதையும் மறைக்கவில்லை. தமிழைக் குறைத்ததாகிவிடாதா என்று மனம் வழக்காடிற்று. பொய்யால் உயரவேண்டிய நிலையில் தமிழ் இல்லை என்று மேடையில் பேசத் தெரிந்த நமக்கு, நாற்பது சிறுவர் முன் அதைச் செய்து காட்ட ஏன் இத்தனை தயக்கம்?

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாகச் சொன்னோம். “நேற்று முன்தினம் நாம் சொன்னது தவறு. தங்கையின் அக்காள் சொன்னது சரி.” அதோடு, அவர்கள் வாயில் நாளெல்லாம் புரளும் துட்டு என்பதும் தமிழன்று, 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்ட டச்சுக்காரரின் ‘டொய்ட்’ என்னும் செப்புக் காசின் பெயர் என்றோம். சிலருக்கு ஏமாற்றம், பலருக்குச் சிரிப்பு. பதிவேட்டில் கட்டம் வெறுமையாய்க் கிடந்த அந்தச் சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் மேசையருகே வந்தான்.

“கூலி, குறள்ல இருக்குன்னு சொன்னீங்களே சார். அதையும் திரும்ப வாங்கிப்பீங்களா?”

அப்போதுதான் விளங்கிற்று, நாம் கொட்டிய சொற்களில் எதை அவன் பொறுக்கி வைத்திருக்கிறான் என்பது! ஆள்வினையுடைமை அதிகாரத்தைப் பிரித்து, அவன் கண்முன் விரலை வைத்துக் காட்டினோம். தெய்வத்தால் ஆகாததையும் உடல் வருந்தும் முயற்சி தரும் என்று சொல்ல வந்த வள்ளுவர், அந்தப் பயனுக்குத் தேர்ந்த சொல் கூலி. பரிசு என்னவில்லை, வரம் என்னவில்லை. இதைத் திரும்ப வாங்க நமக்கு உரிமையில்லை என்றோம்.

அவன் போனபின் நாம் எண்ணியது வேறு. அத்தகைய சொல் எப்படி வசையாயிற்று?

1834-இல் மொரீசியசுக்கும், 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். இலங்கையின் மலைகளுக்கும் மலேயாவின் இரப்பர்க் காடுகளுக்கும் கங்காணிமார் ஆள் கூட்டிச் சென்றனர். அவர்கள் பெறுவது கூலி. நாளடைவில் அவர்களே ‘கூலி’ ஆயினர். பெறும் பொருளின் பெயர், பெறும் மனிதன்மேல் ஒட்டிக்கொண்டது! ஆங்கிலேயரின் அந்தச் சொல் தமிழ்க் கூலியா, குசராத்துக் கடற்கரையின் கோலி மக்கள் பெயரா என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. இரண்டும் கலந்தது என்பாரும் உளர். கேஷில் சூடுபட்ட நாம் இதில் அடித்துப் பேசமாட்டோம். தென்னாப்பிரிக்காவில் அச்சொல் இந்தியர் அனைவர்மீதும் வீசப்பட்டது. 1893-இல் அங்குச் சென்ற காந்தியாரையும் ‘கூலி வழக்கறிஞர்’ என்றே அழைத்தனர்.

வெள்ளையன் சொன்னான் என்று அவன்மேலேயே பழியைப் போட்டுக் கை கழுவலாமா? நாம் பணிபுரியும் ஊர் காவிரியின் கடைமடையில் இருக்கிறது. இங்கிருந்து தொலைவில் இல்லாத கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலியை உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளரின் சேரிக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 உயிர்கள் கருகின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தீ வைத்தோர் பேசியதும் தமிழ், எரிந்தோர் அலறியதும் தமிழ். கூலி என்ற சொல்லின் வரலாற்றை அகராதியில் மட்டும் தேடியது நம் தவறு.

மறுநாள் பதிவேட்டை எடுத்தோம். சிறுவனை அழைத்து, “என்ன எழுதட்டும்?” என்று அவனையே கேட்டோம். நெடுநேரம் நின்றான். “கூலின்னே எழுதுங்க சார்” என்றான். ‘உழவுக் கூலித் தொழிலாளர்’ என்று முழுமையாக எழுதினோம். கட்டம் போதவில்லை, கடைசி எழுத்துகள் அடுத்த கட்டத்துக்குள் புகுந்தன. தலைமையாசிரியர் அதைப் பார்த்து, சுருக்கி எழுதக்கூடாதா என்று கேட்டார். பிள்ளைகள் வசை சொல்லுவதும் நின்றுவிடவில்லை. முன்னைவிடக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

சென்ற கிழமை, வீட்டில் புழங்கும் பொருளியற் சொற்களைத் திரட்டி வரும்படி மாணவர்க்குப் பணித்தோம். வட்டி, அடகு, சீட்டு, கைமாற்று என்று கொண்டு வந்தனர். கடன் என்ற சொல் எல்லாருடைய ஏட்டிலும் இருந்தது. அதற்குக் கடமை என்பதே பழம்பொருள் என்று சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. அந்தச் சிறுவன் தாயிடம் கேட்டு எழுதி வந்திருந்தான்: நடவுக்கூலி, களையெடுப்புக் கூலி, அறுப்புக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. கடைசியில் கைக்கூலி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அது இலஞ்சம் என்றும், பிறருக்கு விலைபோனவனைத் திட்டும் சொல் என்றும் ஒரு பையன் விளக்கினான்.

சிறுவன் உட்காரவில்லை. “கையால செய்யற வேலைக்குத் தர்ற கூலின்னு நெனச்சேன் சார். அது எப்படி சார் கெட்ட வார்த்தை ஆச்சு?”

மணி அடித்துவிட்டது. நாளை சொல்லுகிறோம் என்றோம். மூன்று நாளாகிறது, ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.