இழுப்புன்னா என்ன?

தர்மபுரி மாவட்டத்துல நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். காலை பத்தரை மணி, ஓபி வரிசை வராண்டாவைத் தாண்டி வெளிய நிக்குது. மூணு வயசுக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு அம்மா உள்ள வந்தாங்க.

"சார், ராத்திரியெல்லாம் இழுப்பு சார். நீ கொஞ்சம் பாரு."

என் காதுல முதல்ல விழுந்தது 'இழுப்பு' இல்ல, 'நீ'. என்னடா இது, டாக்டரைப் போய் நீ வா போங்கறாங்களேன்னு சுருக்குன்னு இருந்துச்சு. மறைக்காம சொல்றேன், அந்த நொடியிலயே அவங்களைப் பத்தி மனசுக்குள்ள ஒரு முடிவு எடுத்துட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்க வீட்ல இழுப்புன்னா வலிப்பு. கை கால் வெட்டி வெட்டி இழுக்கறது. அதனால நேரா அந்தக் கேள்விகளுக்குப் போயிட்டேன். ஜுரம் இருந்துச்சா? "ஆமா சார்." கண்ணு சொருகுச்சா? "ஆமா சார்." எவ்ளோ நேரம் இழுத்துச்சு? "விடிய விடிய சார்."

விடிய விடிய வலிப்பு வந்த குழந்தை காலையில தோள்ல சாஞ்சு தூங்காது. அங்கேயே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. 'இவங்களுக்கு நேரம் சரியா சொல்லத் தெரியாது, கூட்டித்தான் சொல்வாங்க'ன்னு நினைச்சேன். ஜுர வலிப்புன்னு எழுதி, ஜுர மருந்தோட வலிப்பு மருந்தும் எழுதிட்டேன்.

பக்கத்துல இருந்த சிஸ்டர் இந்த ஊர்க்காரங்க. மெதுவா சொன்னாங்க: "சார், அந்தம்மா மூச்சு இழுக்கறதைச் சொல்றாங்க. நெஞ்சைப் பாருங்க."

சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள போகுது. ஸ்டெத் வெச்சா ரெண்டு பக்கமும் விசில் சத்தம். குழந்தை தூங்கல, மூச்சு வாங்கி வாங்கி ஓஞ்சு போயிருக்கு. நான் எழுதினது தூக்கம் வரவைக்கிற மருந்து. மூச்சுத் திணறுற குழந்தைக்கு அது உள்ள போயிருந்தா மூச்சை இன்னும் அமுக்கியிருக்கும்.

உடனே நெபுலைசர், ஆக்சிஜன். மதியம் அந்தக் குழந்தை பிஸ்கட் கேட்டுச்சு.

முதல்லயே ஸ்டெத் வெச்சிருக்க வேண்டாமான்னு கேப்பீங்க. வெச்சிருக்கணும். கூட்டத்தைக் காரணம் சொல்லலாம், ஆனா அது பாதி உண்மைதான். அந்த அம்மா பேசின விதத்தை வெச்சு, அவங்க சொன்னதுக்கு நான் மார்க் குறைச்சேன். அதுதான் மீதி.

இதுல கொடுமை என்னன்னா, நானே அந்த மார்க்கை வாங்கினவன். மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல்ல முதல் வாரம் "வாரீயளா, போவமா"ன்னு கேட்டேன். அடுத்த ஒரு வருஷம் எனக்குப் பேரே 'வாரீயளா'. ஒரு தடவை கேஸ் பிரசன்ட் பண்ணும்போது 'ழ' எனக்கு 'ள'வா வந்ததுக்கு வார்டே சிரிச்சுது. சிரிச்சவன்ல ஒருத்தன் வடக்குக்காரன், வாழைப்பழத்தை 'வாயப்பயம்'னு சொல்றவன்! ரெண்டாவது வருஷத்துல என் பேச்சை டிவி நியூஸ் மாதிரி தேச்சு மழுங்கடிச்சுட்டேன். அந்தத் தமிழோடதான் இங்க வந்து உட்கார்ந்தேன். அந்த அம்மாவுக்கு நான் வேற ஏதோ ஊர்ல இருந்து வந்த பெரிய ஆபீசர். ஆபீசர் எது கேட்டாலும் ஆமா சார்தான்.

அந்த 'நீ' பத்தியும் சொல்லணும். 1965 வரைக்கும் தர்மபுரி சேலம் மாவட்டத்துல இருந்துச்சு. 2004-ல இதுல இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. இந்தப் பக்கம் கர்நாடகா எல்லை. வீட்ல கன்னடமோ தெலுங்கோ பேசி, வெளிய தமிழ் பேசுற குடும்பங்கள் நிறைய. மேற்க கோயம்புத்தூர்க்காரங்க வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாங்க, நமக்கு உடனே மரியாதையான ஆளுன்னு தோணும். இங்க நான் பார்க்குற கிராமத்து ஆளுங்க பலர் சார்னும் கூப்பிடுவாங்க, நீன்னும் சொல்வாங்க. அந்த 'சார்'லயே மரியாதை முடிஞ்சுடுது. 'நீ'யில அவமரியாதை எதுவும் இல்ல. எனக்கு இது புரிய ஆறு மாசம் ஆச்சு.

நம்ம சினிமாவும் இதுக்கு நல்லாவே தூபம் போட்டிருக்கு. 1958-ல 'சபாஷ் மீனா'வுல சந்திரபாபு ரிக்‌ஷாக்காரரா மெட்ராஸ் பாஷை பேசினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச நடிப்பு. ஆனா அந்த பாஷையைக் கேட்டாலே சிரிக்கணும்னு நமக்குப் பழகிப் போச்சு. சிரிப்பு வர்ற பேச்சுல ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, பாதிதான் காதுல ஏறும்.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. இங்கிலாந்துல 2002-ல வெளியான ஒரு ஆய்வு. போலீஸ் விசாரணை ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, இந்த ஆள் குற்றவாளியான்னு மாணவர்களைக் கேட்டாங்க. சந்தேக நபர் பர்மிங்காம் உச்சரிப்புல பேசினப்போ, குற்றவாளியா இருப்பான்னு கூடுதலா சொன்னாங்க. 2007-ல வந்த இன்னொரு ஆய்வுல 5,000 பேருக்கு மேல கேட்டு 34 உச்சரிப்புகளுக்கு மதிப்புப் போட்டாங்க. அதுலயும் பர்மிங்காமுக்குக் கடைசி இடம்தான். அதே நாட்டுல டான்காஸ்டர்ங்கற ஊர்ல, வெளிநாட்டுல இருந்து வந்த டாக்டர்களுக்காக யார்க்‌ஷர் வட்டாரச் சொற்களுக்கு ஒரு கையேடே போட்டாங்க. எனக்கு அப்படி ஒண்ணை யாரும் கொடுக்கல. எல்லாம் தமிழ்தானே, தமிழ்ப் பையனுக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க போல.

சிரிப்பா ஒண்ணு, ஆனா முழுசா சிரிக்க முடியாது. "குளிச்சு ரெண்டு மாசம் ஆச்சு"ன்னு வயித்து வலியோட வந்த ஒரு பொண்ணுகிட்ட, ஒரு ஜூனியர் "ஏம்மா, தினமும் குளிக்கணும்"னு அறிவுரை சொல்லிட்டு எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதினார். மாதவிடாய் தள்ளிப்போச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னது அவருக்குப் புரியல. நல்லவேளை, சீட்டு என் கைக்கு வந்துச்சு. கர்ப்பம்.

இப்ப நான் ஒண்ணு பண்றேன். இழுப்பு, மயக்கம், அடைப்பு மாதிரி வார்த்தை வந்தா, "எப்படி வந்துச்சு, செஞ்சு காட்டுங்க"ன்னு கேக்குறேன். மயக்கம்னா தலை சுத்தலா, நினைவு தப்பிக் கீழ விழுந்ததா? நடிச்சுக் காட்டினா பத்து செகண்ட்ல தெரிஞ்சுடும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். டாக்டர் முன்னாடி உட்கார்ந்ததும் பேச்சை மாத்தாதீங்க. நெஞ்சுல பாறாங்கல் வெச்ச மாதிரி இருக்குன்னு வீட்ல சொன்னவர், எங்ககிட்ட வந்து "கேஸ் ட்ரபுள் சார்"ங்கறார். பாறாங்கல்னு சொல்லியிருந்தா முதல் வேலையா ஈசிஜி எடுத்திருப்போம். 108-க்குப் போன் பண்ணாலும் இப்படித்தான். எடுக்கிறவங்க சென்னைல இருக்காங்க, சித்தேரி மலையில இருந்து நீங்க பேசுறீங்க. கண்ணால பார்த்ததை அப்படியே சொல்லுங்க. புரியாத கேள்விக்கு 'ஆமா' போடாதீங்க. குழந்தைக்கு ராத்திரி ஏதாவது வந்தா, பக்கத்துல இன்னொருத்தர் இருந்தா போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

நாலஞ்சு மாசம் கழிச்சு அந்த அம்மா திரும்ப வந்தாங்க, அதே குழந்தையோட. இந்தத் தடவை நானே முந்திக்கிட்டு, "என்னம்மா, இழுப்பா?"ன்னு கேட்டேன்.

"வீசிங் சார். நீங்க கொஞ்சம் பாருங்க சார்."

அன்னிக்கு என் முகம் போன போக்கை அவங்க பார்த்திருக்காங்க.